காரணம் தெரியாத களைப்பு

2008-ஆம் ஆண்டின் பிற்பகுதி. மாவட்டத் தலைநகர் ஒன்றில் நான் பொதுமருத்துவராகப் பணியாற்றிக்கொண்டிருந்தேன். அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் தம் கணவருடன் வந்திருந்தார். வயது முப்பத்தெட்டு. நான்கு மாதங்களுக்கு முன்பு ஒரு வாரம் காய்ச்சலில் படுத்திருக்கிறார். காய்ச்சல் போய்விட்டது, களைப்பு போகவில்லை. இரவு முழுவதும் மூட்டை சுமந்ததுபோன்ற உடம்புடன்தான் காலையில் கண் விழிப்பதாகச் சொன்னார். கரும்பலகையில் நான்கு வரி எழுதுவதற்குள் கை துவண்டுவிடுகிறது; நாள்தோறும் வருகைப் பதிவேட்டில் அழைக்கும் பிள்ளைகளின் பெயர்கள் நாவில் வர மறுக்கின்றன.

ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல், மார்பு எக்ஸ்ரே என எல்லாவற்றையும் பார்த்தேன். அனைத்தும் இயல்பாக இருந்தன. 'உங்கள் உடம்பில் ஒரு குறையும் இல்லை, டீச்சர். மனத்தைத் தளரவிடாதீர்கள். காலையில் அரை மணி நேரம் வேகமாக நடங்கள். வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டுங்கள். தானாகச் சரியாகும்' என்றேன். கணவரின் முகத்தில் நிம்மதி தெரிந்தது. அவருடைய முகத்தில் அது இல்லை. அதை நான் கவனித்தேன், பொருட்படுத்தவில்லை.

அவர் நான் சொன்னதைச் செய்தார். ஆறு வாரங்கள் கழித்து, வாடகைக் காரின் பின்னிருக்கையில் படுத்த நிலையில் அவரை அழைத்து வந்தார்கள். அதன் பிறகு அவர் பள்ளிக்கூடத்தின் படியேறவே இல்லை.

அவருக்கு வந்திருந்த நோய்க்கு ஒரு பெயர் உண்டு என்பதை நான் அறிந்துகொள்ள மேலும் சில ஆண்டுகள் ஆயின. நாள்பட்ட சோர்வு நோய் என்பது அந்தப் பெயர். மருத்துவ உலகம் இப்போது 'மயால்ஜிக் என்செஃபலோமைலிடிஸ்' என்ற பழைய பெயரையும் சேர்த்தே அதைக் குறிப்பிடுகிறது. இந்த நோய் எதனால் வருகிறது என்ற கேள்விக்கு இதுவரை கிடைத்துள்ள பதில்களை இங்கே தொகுத்துச் சொல்ல விரும்புகிறேன். முழுமையான பதில் இன்னும் கிடைக்கவில்லை. ஆனால், காரணம் அறியப்படாத இடைவெளியில் நோயாளியையே காரணமாக்கிவிடும் வழக்கம் எவ்வளவு தீங்கு செய்திருக்கிறது என்பதை இந்தத் தேடலின் வரலாறு காட்டுகிறது.

இது எந்தக் களைப்பு?

களைப்பு இல்லாத மனிதர் இல்லை. வயலில் உழைத்தவர் களைக்கிறார். இரவுப் பணி முடித்த செவிலியர் களைக்கிறார். ஓர் இரவு உறக்கமோ ஒரு நாள் ஓய்வோ அந்தக் களைப்பைத் தீர்த்துவிடும். இந்த நோயின் களைப்போ ஓய்வுக்குக் கட்டுப்படாதது. அமெரிக்காவின் மருத்துவ நிறுவகம் 2015-இல் வெளியிட்ட அறிக்கை இதற்கான அளவுகோலைத் தெளிவாக வகுத்தது. முன்பு செய்துவந்த வேலைகளைச் செய்ய இயலாத அளவுக்கு ஆறு மாதங்களுக்கு மேல் நீடிக்கும் தளர்ச்சி. உழைப்புக்குப் பின் எல்லாத் தொல்லைகளும் மோசமடைதல். தூங்கி எழுந்தாலும் தெளிவு பிறக்காமை. இந்த மூன்றும் இருக்க வேண்டும். இவற்றோடு நினைவிலும் சிந்தனையிலும் தடுமாற்றமோ, நிமிர்ந்து நிற்கும்போது மோசமாகும் தலைச்சுற்றலும் படபடப்புமோ இருக்க வேண்டும்.

இவற்றுள் இரண்டாவதுதான் நோயின் கையெழுத்து. குளித்துத் தலை துவட்டுவது, விருந்தினருடன் ஒரு மணி நேரம் பேசுவது, வங்கிப் படிவம் ஒன்றை நிரப்புவது போன்ற சிறு வேலைகள்கூட, சில மணி நேரமோ ஓரிரு நாளோ கழித்து நோயாளியைப் படுக்கையில் தள்ளுகின்றன. வேலை செய்த அன்று நன்றாக இருப்பவர் மறுநாள் விழுந்துவிடுவதால் இரண்டுக்கும் உள்ள தொடர்பு வீட்டாருக்கும் தெரிவதில்லை. பல நேரங்களில் மருத்துவருக்கும் தெரிவதில்லை.

அமெரிக்காவில் மட்டும் 8.36 லட்சம் முதல் 25 லட்சம் பேர் வரை இந்நோயால் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று அந்த அறிக்கை மதிப்பிட்டது. அவர்களுள் 84 முதல் 91 சதவீதத்தினருக்கு நோய் கண்டறியப்படவே இல்லை என்றும் சொன்னது. நோயாளிகளுள் குறைந்தது நால்வரில் ஒருவர், ஏதேனும் ஒரு கட்டத்தில் வீட்டுக்குள்ளோ படுக்கையிலோ முடங்கிவிடுகிறார். பாதிக்கப்படுவோரில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். இந்தக் கடைசிச் செய்தி நோயின் வரலாற்றையே திசைதிருப்பிவிட்டது.

மருத்துவமனைகளில் பரவிய புதிர்

1934-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் போலியோ பரவியது. அப்போது அங்குள்ள மாவட்டப் பொது மருத்துவமனையின் ஊழியர்கள் 198 பேர் விநோதமான நோய் ஒன்றுக்கு ஆளாயினர். தசைவலி, தளர்ச்சி, மறதி, உறக்கக் குலைவு ஆகியவை இருந்தன. போலியோவுக்கே உரிய நிலையான வாதமும் தசை மெலிவும் இல்லை. 1948-இல் ஐஸ்லாந்து நாட்டின் அக்குரேரி நகரில் நானூறுக்கும் மேற்பட்டோர் இதே போன்ற நோயால் பாதிக்கப்பட்டனர். 1955-இல் லண்டனின் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் மருத்துவர்கள், செவிலியர்கள் உள்ளிட்ட 292 ஊழியர்கள் நோயுற்றனர். ஏற்கெனவே அங்கே படுக்கையில் இருந்த நோயாளிகளில் மிகச் சிலரையே அது தொட்டது. மருத்துவமனையை இரண்டு மாதங்களுக்கு மேல் மூடி வைக்க நேர்ந்தது. தசைவலியோடு மூளை, தண்டுவட அழற்சியையும் சுட்டும் 'மயால்ஜிக் என்செஃபலோமைலிடிஸ்' என்ற பெயர் அதையொட்டித்தான் புழக்கத்துக்கு வந்தது. 1969-இல் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், நரம்பு மண்டல நோய்களின் வரிசையில் இதற்கு இடம் கிடைத்தது.

மறு ஆண்டே நிலைமை மாறியது. 1970-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இரண்டு மனநல மருத்துவர்கள் ஒரு கட்டுரை எழுதினர். ராயல் ஃப்ரீ நிகழ்வு ஒரு கூட்டு 'ஹிஸ்டீரியா' என்பது அவர்களின் முடிவு. நோயுற்றவர்களை அவர்கள் நேரில் சோதிக்கவில்லை; பழைய மருத்துவக் குறிப்புகளை வைத்தே அந்த முடிவுக்கு வந்தனர். பாதிக்கப்பட்டோரில் பெண்கள் மிகுதி என்பது அவர்கள் எடுத்துவைத்த வாதங்களுள் ஒன்று. ஓர் உணவகத்தில் உண்டவர்களில் பெண்களே அதிகம் வாந்தியெடுத்தார்கள் என்பதற்காக உணவில் குற்றமில்லை என்று யாரும் சொல்வதில்லை. இங்கே அப்படிச் சொல்லப்பட்டது. நெடுங்காலம் நம்பவும் பட்டது.

1984-85-இல் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், டாஹோ ஏரிக்கரையில் உள்ள இன்க்லைன் வில்லேஜ் என்ற ஊரில் மீண்டும் ஒரு நோய்த்திரள் தோன்றியது. எப்ஸ்டீன்-பார் வைரஸ் மீது ஐயம் எழுந்தது. அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆய்வு செய்தது. அந்த வைரஸ்தான் காரணம் என்று உறுதிப்படுத்த முடியவில்லை. 1988-இல் வல்லுநர் குழு ஒன்று 'நாள்பட்ட சோர்வு நோய்க்குறி' என்ற பெயரைச் சூட்டியது. எந்தக் காரணத்தையும் சாராத பெயர் என்ற வகையில் அது நேர்மையானதுதான். ஆனால், காசநோயை 'நாள்பட்ட இருமல்' என்று அழைத்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் அது ஒலித்தது. எல்லோருக்கும் உள்ள களைப்புதானே என்று கேலி பேச அந்தப் பெயரே இடம் கொடுத்தது.

தொற்று விட்டுச் செல்வது

இன்று வரை கிடைத்துள்ள சான்றுகளில் வலுவானது, இந்நோய் பெரும்பாலும் ஒரு தொற்றுக்குப் பின் தொடங்குகிறது என்பது. இதைத் தெளிவாகக் காட்டிய ஆய்வு ஆஸ்திரேலியாவின் டப்போ என்ற ஊரகப் பகுதியில் நடந்து, 2006-இல் வெளிவந்தது. எப்ஸ்டீன்-பார் வைரஸ், ராஸ் ரிவர் வைரஸ், கியூ காய்ச்சலை உண்டாக்கும் பாக்டீரியா ஆகிய மூன்றில் ஒன்றால் தொற்றுற்ற 253 பேரைத் தொடக்கம் முதலே ஆய்வாளர்கள் கவனித்து வந்தனர். ஆறு மாதங்களுக்குப் பின் அவர்களில் 11 சதவீதத்தினர் நாள்பட்ட சோர்வு நோய்க்கான வரையறைக்குள் வந்தனர்.

மூன்று கிருமிகளும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. விளைவு மட்டும் ஒன்றாக இருந்தது. யாருக்கு நோய் நீடிக்கும் என்பதைத் தொடக்கக் காய்ச்சலின் கடுமைதான் பெரும்பாலும் தீர்மானித்தது. வயதோ, பாலினமோ, முன்பிருந்த மனநிலையோ தீர்மானிக்கவில்லை. இந்த முடிவு வெளிவந்து இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் நான் அந்த ஆசிரியையிடம் மனத்தைத் தளரவிடாதீர்கள் என்று சொன்னேன். படித்திருக்க வேண்டிய நான் படித்திருக்கவில்லை.

வைரஸ்தான் வர வேண்டும் என்பதும் இல்லை. 2004-இல் நார்வேயின் பெர்கன் நகரில் குடிநீரில் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி கலந்து பலர் வயிற்றுப்போக்கால் பாதிக்கப்பட்டனர். மூன்று ஆண்டுகளுக்குப் பின்னும் தொற்றுற்றவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் நீடித்த களைப்பைப் பற்றிக் கூறினர். பின்னர் கோவிட் பெருந்தொற்று இந்தக் கேள்வியை உலகின் முன் வைத்தது. அமெரிக்காவில் நடந்த 'ரெகவர்' ஆய்வின் முடிவு 2025-இன் தொடக்கத்தில் வெளியானது. கோவிட் வந்தவர்களில் 4.5 சதவீதத்தினரும், வராதவர்களில் 0.6 சதவீதத்தினரும் இந்நோயின் வரையறைக்குள் வந்ததாக அது தெரிவித்தது.

அப்படியானால் கிருமி உடலிலேயே தங்கிவிடுகிறதா? இந்தக் கேள்வி ஒரு முறை பெரும் ஏமாற்றத்தில் முடிந்திருக்கிறது. 2009-இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த கட்டுரை ஒன்று, எக்ஸ்.எம்.ஆர்.வி. என்ற வைரஸ் மூன்றில் இரு பங்கு நோயாளிகளின் ரத்தத்தில் இருப்பதாக அறிவித்தது. காரணம் பிடிபட்டுவிட்டது என்ற மகிழ்ச்சியில், எச்.ஐ.வி.க்கான மருந்துகளைக்கூட நோயாளிகளில் சிலர் உட்கொள்ளத் தொடங்கினர். மற்ற ஆய்வகங்களால் அந்த வைரஸைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆய்வகத்தில் எலிகளின் உடலில் புற்றுநோய்ச் செல்களை வளர்த்தபோது உருவாகிப் பரவிய மாசு அது என்பது பின்னர் தெரியவந்தது. 2011 டிசம்பரில் 'சயின்ஸ்' அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. காரணம் வேண்டும் என்ற தவிப்பு, போலிக் காரணத்தையும் தழுவிக்கொள்ள வைக்கும் என்பதற்கு இது ஒரு பாடம்.

எனினும், பழைய தொற்று நெடுநாள் கழித்து வேறொரு நோயாக வெளிப்படக்கூடும் என்ற கருத்து உயிரோடுதான் இருக்கிறது. அமெரிக்கப் படையினர் ஒரு கோடிப் பேரின் பதிவுகளைக் கொண்ட 2022-ஆம் ஆண்டு ஆய்வு, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோய்க்கான ஆபத்து, எப்ஸ்டீன்-பார் தொற்றுக்குப் பின் 32 மடங்கு உயர்வதாகக் காட்டியது. வயது வந்தோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சுமந்து திரியும் வைரஸ் அது. எல்லோரிடமும் இருக்கும் ஒன்று சிலரை மட்டும் ஏன் வீழ்த்துகிறது என்பதே இப்போதைய கேள்வி.

எதிர்ப்பாற்றல், ஆற்றல், ரத்த ஓட்டம்

ஒரு விடை நோய் எதிர்ப்பு மண்டலத்தை நோக்கிக் கைகாட்டுகிறது. படையெடுப்பு முடிந்த பின்னும் படை கலையாமல், சொந்த நாட்டு மக்களையே தாக்குவது போன்ற நிலை அது. நார்வே ஆய்வாளர்கள் புற்றுநோய்க்கான ரிடுக்ஸிமாப் என்ற மருந்தை இந்த நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். எதிர்ப்பொருள்களை உருவாக்கும் பி-செல்களை அழிப்பது அம்மருந்தின் வேலை. 2011-இல் 30 பேரிடம் நடத்திய சோதனை நம்பிக்கையளித்தது. 151 பேரைக் கொண்டு நடத்தி 2019-இல் வெளியிட்ட பெரிய சோதனையில், மருந்துக்கும் வெற்று மருந்துக்கும் வேறுபாடு இல்லை. தன்னெதிர்ப்புக் கருத்து முற்றிலும் வீழ்ந்துவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. அந்த ஒரு வழி அடைபட்டது என்பதே பொருள்.

இரண்டாவது விடை, செல்களுக்குள் ஆற்றல் உருவாகும் முறையைக் காட்டுகிறது. ஆரோக்கியமான ஒருவரை மிதிவண்டிக் கருவியில் மூச்சுவாங்கும் வரை மிதிக்கச் சொல்லி, அவர் பயன்படுத்தும் ஆக்சிஜனை அளக்கிறார்கள். மறுநாளும் அதே சோதனையைச் செய்தால் ஏறக்குறைய அதே அளவு கிடைக்கும். உடற்பயிற்சி இல்லாமல் சோம்பியிருப்பவருக்கும் அப்படித்தான். இந்த நோயாளிகளுக்கோ இரண்டாம் நாள் அளவு சரிவதைப் பல ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. மன உறுதியால் கூட்டவோ குறைக்கவோ இயலாத அளவுகளும் அவற்றுள் உண்டு. உழைப்புக்குப் பின் நலிவு காணும் கோவிட் நோயாளிகள் 25 பேரின் தசைத் துணுக்குகளை உடற்பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடுத்துப் பார்த்த ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள், பயிற்சிக்குப் பின் தசையின் சிதைவும் ஆற்றல் உற்பத்திக் குறைபாடும் மோசமடைந்ததை 2024-இல் வெளியிட்டனர்.

மூன்றாவது விடை, இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் நம்மைக் கேட்காமலே நடத்திச் செல்லும் தன்னியக்க நரம்பு மண்டலத்தில் இருக்கலாம். சாய்வு மேசையில் படுக்கவைத்து நிமிர்த்தும்போது ஆரோக்கியமானவர்களுக்கு மூளைக்குச் செல்லும் ரத்த ஓட்டம் 7 சதவீதம் குறைகிறது. இந்த நோயாளிகளுக்கு 26 சதவீதம் குறைவதாக 2020-இல் நெதர்லாந்து ஆய்வு ஒன்று கண்டது. வகுப்பறையில் நின்றால் பெயர்கள் மறந்துபோகின்றன என்று அந்த ஆசிரியை சொன்னதை நான் கவலையின் விளைவு என்று குறித்துவைத்திருந்தேன். உட்கார்ந்திருக்கும்போது மறக்கிறதா, நிற்கும்போது மறக்கிறதா என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அதற்குச் செலவு எதுவும் இல்லை.

மூளையைப் பற்றியும் சில தடயங்கள் உள்ளன. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் தொற்றுக்குப் பின் நோயுற்ற 17 பேரைப் பல நாள்கள் தங்கவைத்து நுணுகி ஆராய்ந்து 2024-இல் முடிவை வெளியிட்டன. முயற்சிக்கும் அதன் விளைவுக்கும் உள்ள பொருத்தத்தைக் கணிக்கும் மூளைப் பகுதி ஒன்றின் செயல்பாடு குறைந்திருந்தது. எதிர்ப்புச் செல்களிலும் மாற்றங்கள் தென்பட்டன. பதினேழு பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை என்பதையும், அந்த விளக்கத்தை நோயாளர் அமைப்புகள் கடுமையாக மறுத்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மரபணுக்களும் பேசத் தொடங்கிவிட்டன. எடின்பரோ பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட 'டிகோட்-எம்.இ.' ஆய்வு, 15,579 நோயாளிகளின் மரபணுத் தொகுதியை நோயற்ற இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோருடையதோடு ஒப்பிட்டது. 2025 ஆகஸ்டில் முன்வெளியீடாக வந்த அதன் முடிவு, இருதரப்புக்கும் வேறுபாடு காணப்படும் எட்டு இடங்களைச் சுட்டியது. அவற்றுள் சில தொற்றை எதிர்கொள்வதோடும், சில நரம்பு மண்டலத்தோடும் தொடர்புடையவை. ஒன்று நாள்பட்ட வலியோடு தொடர்புடையது. மனச்சோர்வோடும் மனப்பதற்றத்தோடும் தொடர்புடையவையாக அவை தென்படவில்லை. ஒவ்வொன்றின் பங்கும் சிறியது. அதை வைத்து எவருக்கும் நோயைக் கண்டறிய முடியாது. ஆனாலும், நோய் உடலில் வேர்கொண்டது என்பதற்கு இது வலுவான சாட்சி.

மனம் என்ற முகவரி

மனத்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பே இல்லையா என்று வாசகர்கள் கேட்கலாம். எந்த நோயும் மனத்தைத் தொடாமல் விடுவதில்லை. ஆண்டுக்கணக்கில் படுக்கையில் கிடப்பவர் மனச்சோர்வுக்கு ஆளாவது இயற்கை. ஆனால் மனச்சோர்வு உள்ளவருக்குப் பெரும்பாலும் எதையும் செய்யும் விருப்பமே வற்றிவிடுகிறது. இந்த நோயாளிக்கு விருப்பம் இருக்கிறது, உடல் ஒத்துழைப்பதில்லை. நலமாகிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். நீண்ட பட்டியல் ஒன்று வரும்.

மனமே காரணம் என்ற எண்ணம் சிகிச்சையையும் ஆட்கொண்டது. பயந்து ஓய்வெடுப்பதால் உடல் பலவீனமாகிறது, ஆகவே பயத்தைப் போக்கிப் படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டினால் நலமாகும் என்ற கோட்பாட்டின்மீது பிரிட்டனில் 641 பேரிடம் 'பேஸ்' என்ற சோதனை நடத்தப்பட்டு, 2011-இல் 'லான்செட்' இதழில் வெளியானது. பயன் உண்டு என்றது அது. நோயாளிகளே அந்தக் கட்டுரையை எழுத்தெண்ணிப் படித்தனர். சோதனையில் சேர்வதற்கு உடலியக்க மதிப்பெண் 65 அல்லது அதற்குக் கீழ் இருக்க வேண்டும். குணமடைந்ததாகக் கொள்வதற்கோ 60 இருந்தால் போதும் என்று அளவுகோல் இடையில் தளர்த்தப்பட்டிருந்தது. நோயுற்றிருப்பதும் குணமாகியிருப்பதும் ஒரே நேரத்தில் ஒருவருக்குப் பொருந்தும் விந்தை அது. தீர்ப்பாயம் வரை சென்று தரவுகளை வெளிக்கொணர்ந்தவரும் ஒரு நோயாளியே. 2021 அக்டோபரில் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான 'நைஸ்', படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியை இந்நோய்க்குப் பரிந்துரைக்கக் கூடாது என்று அறிவித்தது.

மருத்துவ வரலாற்றில் இது புதிதன்று. வயிற்றுப்புண் கவலையாலும் காரத்தாலும் வருகிறது என்றுதான் எங்கள் தலைமுறைக்குக் கற்பிக்கப்பட்டது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவை அதற்குப் பொறுப்பாக்கிய பேரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. நமக்கு விளங்காத நோய்களை அனுப்பிவைக்கும் முகவரியாக மனத்தை நெடுங்காலமாக வைத்திருக்கிறோம்.

ஏன் இன்னும் புலப்படவில்லை?

ஒரே பெயரின் கீழ் பல நோய்கள் இருக்கக்கூடும் என்பது முதல் தடை. 'காய்ச்சல்' என்ற ஒரே பெயரில் டெங்குவையும் டைபாய்டையும் மலேரியாவையும் சேர்த்து ஆராய்ந்தால் எந்த மருந்தும் பலிக்காததுபோல்தான் தெரியும். ஆய்வுக்கு ஆய்வு வரையறை மாறியது இரண்டாவது தடை. கடுமையாக நோயுற்றவர் ஆய்வகத்துக்கு வரவே முடியாது என்பது மூன்றாவது. கண்டறிந்த மாற்றம் நோயின் காரணமா, நீண்ட படுக்கையின் விளைவா என்று பிரித்தறிவது நான்காவது. பெண்களின் புலம்பல் என்று ஒதுக்கப்பட்ட நோய்க்கு ஆய்வு நிதி சுருங்கியதையும் இவற்றோடு சேர்க்க வேண்டும்.

இப்போதைக்குப் பலரும் ஏற்கும் சித்திரம் இது: மரபணுவில் ஒரு சாய்வு; அதன்மேல் ஒரு தொற்று; அதைத் தொடர்ந்து எதிர்ப்பு மண்டலம், தன்னியக்க நரம்புகள், செல்களின் ஆற்றல் உற்பத்தி ஆகியவை ஒன்றையொன்று குலைத்துக்கொண்டு, பழைய சமநிலைக்குத் திரும்ப முடியாமல் சுழலும் நிலை. இதில் எது முதல் கண்ணி என்பதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

நாம் செய்யக்கூடியது

நோயின் மூலத்தைத் தேடச் சொன்ன வள்ளுவர், நோயாளியின் அளவையும் காலத்தையும் கருதச் சொன்னதும் அதே அதிகாரத்தில்தான். மூலம் கிட்டாதபோதும் இரண்டாவதை நாம் செய்ய முடியும்.

முதலில், களைப்பு என்றதும் இந்த நோய்தான் என்று எவரும் முடிவுகட்டிவிடக் கூடாது. ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் இந்தியாவில் 57 சதவீதத்தினரும் தமிழ்நாட்டில் 53.4 சதவீதத்தினரும் ரத்தசோகை உள்ளவர்கள். தைராய்டு குறைபாடு, சர்க்கரை, காசநோய், பி-12 பற்றாக்குறை, உறக்கத்தில் மூச்சுத்தடை, மனச்சோர்வு என்று களைப்புக்கு மருந்துள்ள காரணங்கள் பல உண்டு. இவற்றைத் தேடாமல் விடுவது பெரும் பிழை.

தேடியும் ஒன்றும் கிட்டாமல், உழைத்த மறுநாள் விழும் நிலை ஆறு மாதங்களைக் கடந்து நீடித்தால், நோயாளி சொல்வதை நம்புவதே முதல் சிகிச்சை. முழுக் குணம் தரும் மருந்து இன்று இல்லை. உறக்கக் குறைபாடு, வலி, நிற்கும்போது வரும் படபடப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனியே உதவ முடியும். எல்லாவற்றுக்கும் மேலாக, கையிருப்புக்குள் செலவு செய்யும் குடும்பத் தலைவியைப்போல, அன்றைக்கு உள்ள ஆற்றலுக்குள் வேலைகளை அடக்கிக்கொள்ளக் கற்றுத் தர வேண்டும். நன்றாக இருக்கும் நாளில் நிலுவை வேலைகளையெல்லாம் செய்து தீர்ப்பதுதான் மறுவாரத்தைப் பறித்துக்கொள்கிறது. இதை நோயாளி அறிந்தால் மட்டும் போதாது. சமையலறையும் அலுவலகமும் அறிந்திருக்க வேண்டும். காய்ச்சல் எப்போதோ போய்விட்டதே, இன்னும் என்ன படுக்கை என்று கேட்கும் உறவினரும் அறிந்திருக்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு திருமண வீட்டில் அந்த ஆசிரியையின் கணவரைச் சந்தித்தேன். அவர் விருப்ப ஓய்வு பெற்றுவிட்டதாகவும், நாளில் இரண்டு மணி நேரம் எழுந்து நடமாடுவதாகவும் சொன்னார். மறுவாரம் அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். நான் சொன்ன யோசனை தவறானது என்று அவரிடம் ஒப்புக்கொண்டேன். சற்று நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு, 'அன்றைக்கு நீங்கள் தெரியவில்லை என்று சொல்லியிருந்தால்கூடப் போதும், டாக்டர். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டீர்கள். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் என்னை நம்பவில்லை' என்றார்.

அன்றுமுதல், எல்லாச் சோதனைகளும் இயல்பாக இருக்க, நோயாளி மட்டும் இயல்பாக இல்லாதபோது, 'காரணம் இன்னும் அறியப்படவில்லை' என்று மருத்துவச் சீட்டில் எழுதித் தருகிறேன். அருகில் அமர்ந்திருக்கும் குடும்பத்தாரிடமும் அதை வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறேன்.